ஆயிரம் விளக்குப் பள்ளியின் மாணவர் சேர்க்கையும் சிற்றுண்டியும் (1920–1925)

சென்னை மாநகராட்சி மன்றம் 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்கிலிருந்த தனது பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அங்குப் பயிலும் சிறார் மிக வறியவர். அதனால் பள்ளியின் மாணவர் தொகை குன்றுகிறது என்பது பிட்டி தியாகராயர் மன்றத்தில் அளித்த விளக்கம். ஆகவே இதனை அறச்செயலாக மட்டும் கருதுதல் பொருந்தாது. சேர்க்கையைக் காக்கும் நிருவாக நடவடிக்கையாகவும் கொள்ளவேண்டும்.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. இவ்வைந்திலும் 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671ஆக உயர்ந்தது. இம்மொத்த எண், மாணவரின் சாதியையோ பாலினத்தையோ உரைப்பதில்லை. உயர்வு முழுவதையும் உணவின் பயனெனக் கொள்ளவும் தயக்கமுண்டு. சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டதும் 1920இல்தான். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசு இசையாமையால், 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. சேர்க்கை இருமடங்கைக் கடந்திருந்த நிலையிலேயே அது நின்றது.