சென்னையின் பெயரைத் தாங்கிய நரம்பு நோய்: 1970 முதல் ஓர் ஆய்வுத் தடம்

கையை உயர்த்தச் சொல்லும் கட்டளை பெருமூளைப் புறணியில் பிறக்கிறது. மேல் இயக்க நரம்பணுக்கள் அதை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இறக்குகின்றன. அங்கிருந்து கீழ் இயக்க நரம்பணுக்கள் தசைக்குக் கொண்டுசேர்க்கின்றன. மேலுள்ளவை சிதைந்தால் தசை விறைக்கும். கீழுள்ளவை சிதைந்தால் தசை துடிக்கும், மெலியும், சூம்பிப்போகும். இயக்க நரம்பணு நோய் என்பது இந்தச் சிதைவுதான். மேலைநாட்டுப் பாடநூல்கள் இதை நடுவயதைத் தாண்டியோரின் நோயாக, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் உயிரைப் பறிப்பதாக எழுதிவைத்திருந்தன.

சென்னை மருத்துவர்கள் கண்டது வேறு. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில், இளவயதினரிடம் காணப்படும் ஒரு தனி வகையைப் பதிவுசெய்தார்கள். கைகால்கள் ஒருபக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் மெலிகின்றன. முகமும் நாக்கும் தளர்ந்து பேச்சு குழறுகிறது, விழுங்குவது சிரமமாகிறது. இவற்றோடு காதும் கேளாமல் போகிறது. இயக்க நரம்பணு நோயில் செவிப்புலன் கெடுவது வழக்கமில்லை என்பதால், இந்த வகையை அடையாளம் காட்டிய முக்கியக் குறி அதுவே. பாடநூலைவிடத் தம் முன் அமர்ந்திருந்த நோயாளியை நம்பிய அந்த மருத்துவர்களின் துணிவு பெரிது.

1973-இல் இந்த ‘மெட்ராஸ் வகை’யின் உயிர்வேதியியல் ஆராயப்பட்டது. 1988-இல் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த கௌரி தேவியும் சுரேஷும் தம் நோயாளிகளை விவரித்தபோது, நோய் சென்னைக்கு மட்டும் உரியதன்று, தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் இருப்பது என்று உறுதியானது. 2000-இல் வெளியான ஒரு பிரேதப் பரிசோதனை ஆய்வு, தண்டுவட நரம்பணுக்களோடு செவிநரம்பு சேரும் மூளைத்தண்டு நரம்பணுத் தொகுதியிலும் அணுக்கள் அழிந்திருந்ததைக் காட்டியது. கேட்கும் திறன் ஏன் போகிறது என்பதற்கு உடற்கூறு தந்த சான்று இது.

அதே நிறுவனத்தின் நளினியும் அவர் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு 1971 முதல் 2007 வரை நிம்ஹான்ஸுக்கு வந்த 116 நோயாளிகளைத் தொகுத்தது. பெரும்பாலோருக்கு நோய் பதின்வயதை ஒட்டித் தொடங்கியிருந்தது. பலர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். இத்தனை நீண்ட வாழ்வைப் பேச்சும் செவியும் குன்றிய நிலையில் கழிக்க வேண்டியிருப்பதை எண்ணினால், ‘மெதுவாக வளரும் நோய்’ என்ற சொல் ஆறுதலாகத் தோன்றவில்லை.

இதே தோற்றமுடைய இன்னொரு நோயும் உண்டு: பிரவுன்–வியலெட்டோ–வான் லேர் நோய்த்தொகுதி. அதற்குக் காரணம், ரைபோபிளேவின் என்னும் பி2 வைட்டமினை உயிரணுவுக்குள் கடத்தும் புரதத்தின் மரபணுக் கோளாறு என்று 2010-இல் தெரியவந்தது. அந்த வைட்டமினை உயர் அளவில் கொடுத்தால் பலர் தேறுகிறார்கள், உயிரே தப்புகிறது. மெட்ராஸ் வகையும் அதுதானோ என்ற கேள்விக்கு, நளினியும் லண்டன் ஆய்வாளர் ஹௌல்டனும் இணைந்து 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இரண்டும் வேறு என்று விடை தந்தது. மெட்ராஸ் வகைக்கு இன்றுவரை காரணமும் தெரியாது, தீர்க்கும் மருந்தும் இல்லை.

ஆயினும் இந்த வேறுபாடு மரபணுச் சோதனையில்தான் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நீடிக்கும் நம் ஊர்களில், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் தோன்றும் ஒடுங்கு மரபு நோயான பிரவுன் வகையை எவரும் ஒதுக்கிவிடக் கூடாது. மருத்துவ உதவியும் எட்டாததன்று. புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், ராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் ஊரக நல மையம் இருக்கிறது. பாகூர் கொம்யூனிலிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் பேருந்திலேயே போய்விடலாம். தொலைவு தடையில்லை. காதுக்கு ஒரு மருத்துவர், பேச்சுக்கு ஒருவர், கைக்கு இன்னொருவர் என்று நோய்க்குறிகள் தனித்தனியே பார்க்கப்படுவதே தடை.

ஆகவே இவ்விரு கொம்யூன்களின் செவிலியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காது மந்தமான பிள்ளைக்குப் பேச்சு குழறினாலோ, சோறு விழுங்கும்போது புரையேறினாலோ, கை மெலிந்தாலோ, காதொலிக் கருவியோடு நின்றுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ரைபோபிளேவின் பற்றி அவரிடம் அன்றே கேளுங்கள்.