தூக்க மாத்திரையும் முதியோர் வீழ்ச்சியும்: நியூயார்க் சான்று குறித்த ஒரு மறுவாசிப்பு

பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகள் முதியோரைத் தடுமாறி விழச் செய்கின்றன என்பதை ஐயுறுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது ஒரே சான்றையே. 1989-இல் நியூயார்க் மாநிலம் இம்மருந்துகளை மூன்று படிகள் கொண்ட மருந்துச் சீட்டில் மட்டுமே எழுதலாம் என்றும், ஒரு படி அரசுக்குச் செல்ல வேண்டும் என்றும் விதித்தது. அரசு மருத்துவ உதவி பெற்ற முதியோரிடையே இவற்றின் பயன்பாடு பாதிக்குமேல் குறைந்த பின்னும், அவ்விதி இல்லாத நியூஜெர்சியோடு ஒப்பிடுகையில் இடுப்பு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைக் கொண்டு மருந்தின் மீதான குற்றச்சாட்டே தவறு என முடிவுகட்டுவது சான்று தாங்காத சுமை.

முதலாவதாக, அந்த ஆய்வு அளந்தது வீழ்ச்சியை அன்று, முறிவை. விழுபவர்களில் மிகச் சிலருக்கே இடுப்பு எலும்பு முறிகிறது. ஐவரில் ஒருவர் மாத்திரை எடுப்பதாகவும் அது முறிவு வாய்ப்பை ஒன்றரை மடங்காக்குவதாகவும் ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொண்டால், பயன்பாடு அறுபது விழுக்காடு சரிந்தாலும் மொத்த முறிவுகளில் குறைவது நூற்றுக்கு ஐந்தாறு மட்டுமே. அவ்வளவு சிறிய மாற்றம் மாநில அளவிலான கணக்கில் புலப்படாமல் போவது இயல்பு. மேலும், சீட்டு கிடைக்காத இடத்தில் மெப்ரோபமேட், குளோரல் ஹைட்ரேட் போன்ற பழைய மருந்துகள் கூடுதலாக எழுதப்பட்டமை 1991-இலேயே பதிவாகியுள்ளது. ஆக, அங்கே நிகழ்ந்தது தூக்க மருந்தைக் கைவிட்டதன்று, பலரிடம் அதன் பெயர் மாறியதே எனக் கொள்வது பொருந்தும்.

நேரடியான சோதனை 1999-இல் நியூசிலாந்திலிருந்து வெளிவந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 93 பேரில் ஒரு பகுதியினருக்கு, அவர்கள் அறியாதவாறு, அவர்கள் உட்கொண்டுவந்த தூக்க மாத்திரை உள்ளிட்ட மனநல மருந்துகளின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 44 வாரங்களில் வீழ்ச்சி ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்தது. ஆய்வு சிறியது என்பதும், நிறுத்தியோரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆய்வு முடிந்த ஒரு மாதத்துக்குள் மீண்டும் மருந்துக்குத் திரும்பினர் என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல; எனினும் இரண்டாவது உண்மை மருந்தின் பிடியையே மெய்ப்பிக்கிறது. தூக்கமின்மையே விழச் செய்கிறது என்னும் எதிர்வாதம், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரு குழுக்களுக்கு முன் நிற்காது. குறைந்த நேரம் செயல்படும் மருந்து பாதுகாப்பானது என்னும் வாதத்தையும் பிற்கால ஆய்வுகள் தளர்த்திவிட்டன.

உடலியல் காரணமும் தெளிவு. இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமாகிய அரைவாழ்வு, இவ்வகை மருந்தான டயசெபாமுக்கு 20 வயதில் சுமார் 20 மணி, 80 வயதில் சுமார் 90 மணி. நேற்றைய மாத்திரை, விடியலில் குளியலறையின் ஈரத் தரையில் கால்வைக்கும்போதும் உடலில் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் 60 வயது கடந்தோர் 12.6 விழுக்காடாக இருந்த கேரளத்துக்கு இது நேரடிப் பொருத்தம் உடையது. 2014 முதல் நடைமுறையில் உள்ள, இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, பென்சோடயசெபின் வகையான அல்பிரசோலத்தை விற்கும் கொச்சியின் கலூர், மட்டாஞ்சேரி மருந்துக்கடைக்காரர் நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். இதுவும் நியூயார்க் சீட்டைப் போல விற்பனையைக் கண்காணிக்கும் கருவியே. அளவைக் குறைத்துத் தரும் கை அன்று. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் அந்தக் கை இன்றியமையாதது. நகர முதியோருக்கு இலவச மருந்து தரும், கேரள அரசின் வயோமித்ரம் திட்ட நடமாடும் மருத்துவ ஊர்திகள், ஒவ்வொரு வருகையிலும் வீழ்ச்சியைக் கேட்டறிந்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.