கருத்துப் பரிமாற்றத்தின் கூறுகள்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

ஒருவர் தம் மனத்தில் உள்ளதை இன்னொருவருக்குப் புரியவைத்து, அவரிடமிருந்து மறுமொழி பெறுவதே கருத்துப் பரிமாற்றம். சொல்பவர், செய்தி, ஊடகம், கேட்பவர், சூழல், இடையூறு, மறுமொழி ஆகியவை அதன் கூறுகள். 1948இல் கிளாட் ஷானன் தொலைபேசி போன்ற கருவிகளை மனத்தில் கொண்டு வகுத்த அடிப்படை மாதிரியில் மறுமொழிக்குத் தனி இடம் கிடையாது. பின்வந்தவர்களே அதைச் சேர்த்தார்கள். தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளாகக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு ஆகியவற்றையும் எண்ணுகிறது. கேட்பவரையும் பேசும் இடத்தையும் உறுப்பாகவே கருதிய இந்தப் பார்வை மனிதப் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது.

இந்தக் கூறுகளை ஒருசேரக் காண ஏற்ற இடம் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அங்கே தரப்படும் மனுவே அனுப்புநர், பெறுநர், பொருள் என்றுதான் தொடங்குகிறது. இம்மாவட்டத்துக் கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாய்மொழி தமிழ்தான். ஆனாலும் அவர்களுடைய பேச்சு மனுவாக மாறும்போது கிட்டத்தட்ட ஒரு மொழிபெயர்ப்பே நடந்துவிடுகிறது. “பாட்டன் காலத்துலேருந்து உழுதுகிட்டு வர்ற காடு” என்று ஒருவர் சொன்னால், எழுதித் தருபவர் “மேற்படி நிலம் நீண்டகாலமாக எங்கள் அனுபவத்தில் இருந்து வருகிறது” என்று எழுதுவார். செய்தி கெடவில்லை, ஆனால் சொன்னவரின் குரல் தழுதழுத்தது தாளில் ஏறவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றது இங்கேதான் உதிர்கிறது.

சட்டத்தின் காதுக்கு அதுவும் போதாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற, நிலம் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். பாட்டன் காலம் ஒரு தேதியாகவும் சான்றாகவும் மாறியாக வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து சான்றாகக் கொள்ள இச்சட்டத்தின் விதிகள் இடம் தருகின்றன. பேச்சையே ஆவணமாக வைத்து வாழ்ந்த மக்களுக்கு இது பெரிய வாசல்.

தொலைவும் ஓர் இடையூறுதான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, ஆட்சியரைப் பார்க்க, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்காரர் மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி விழுப்புரம் வரை போகவேண்டியிருந்தது. அதற்கும் முன்பு, 1976இல் ஒழிக்கப்படும் வரை இம்மலையில் ஜாகீர்தார்கள் பரம்பரையாக நிலத்தை ஆண்ட ஜாகீர் முறை இருந்தது. மேலிருந்து கீழே உத்தரவு வரும். கீழிருந்து மேலே குரல் போக வழி குறைவு.

ஊடகம் மாறினால் உறவும் மாறுகிறது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றார். சாதி சுமத்திய வேலையை நிறுத்தியது முற்றிலும் சரி. அதே சமயம், அறிவிப்பவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் வசதி ஒலிபெருக்கி வண்டியில் இல்லை. அதை ஈடுசெய்ய கிராம சபை உயிரோடு இருக்க வேண்டும்.

சொல்பவரின் நம்பகமும் செய்தியின் பகுதியே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் சாவுகள் தொடங்கியபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. மெத்தனால் கலந்திருந்தது பிறகு உறுதியானது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய நேரத்தில் அதற்கு நேர்மாறான செய்தி போனது. இத்தகைய நேரத்தில் உறுதியாகத் தெரியாததை மறுக்காமல், “குடிக்காதீர்கள், சோதித்துக்கொண்டிருக்கிறோம்” என்பதுதான் பொறுப்பான பேச்சு.

அடுத்த மாதமே, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து அரசைப் பதில் சொல்ல வைத்தது. இங்கே மனு எழுதித் தர யாரும் தேவைப்படவில்லை; கேட்க வேண்டியவரே முதலில் கேட்டார்.