வன்னியில் யானைக்கொலை

ஒருவனை மீண்டும் மீண்டும் கொலை செய்ய உந்துவது எது என்ற வினாவுக்கு, 1968 இல் பம்பாயிற் பிடிபட்ட தொடர்கொலையாளி ராமன் ராகவின் வழக்கிலே மருத்துவர்கள் சித்தப்பிரமை என்று விடை கண்டனர். ஆனால் புத்தி தெளிந்தவர்களும், கனவான்கள் என்று போற்றப்பட்டவர்களும் யானைக்கொலையை நித்திய கருமமாகக் கொண்டிருந்த சரித்திரம் ஒன்று ஈழத்திலே உண்டு.

போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னிச் சிற்றரசர்களாகிய வன்னியர் திறையாகச் செலுத்திய யானைகள் உயிரோடு பிடிக்கப்பட்டவை. முல்லைத்தீவுப் பகுதியின் யானை பிடிக்கும் பணிக்கர்கள், ஓசையின்றிப் பின்தொடர்ந்து, தோற்கயிற்றைப் பின்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணைத்த அந்த வித்தையில், விலங்கு சாகாதிருப்பதே அவர்களுடைய ஜீவனோபாயத்துக்கு ஆதாரமாயிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலோ, யானை பயிரழிக்கும் சத்துருவாகக் கருதப்பட்டு, தலைக்குச் சில சிலிங்கு சன்மானமும் விதிக்கப்படவே, வன்னியையும் உள்ளடக்கிய அன்றைய வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848 க்கு முன் மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில், 3,500 க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன என்று, இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் தெனன்ற் எழுதிவைத்தார்.

சன்மானத்துக்காகச் சுட்டவனுக்கு வறுமையேனும் ஒரு நியாயமாகலாம். ஊவாவில் உத்தியோகம் பார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்சுக்கு அந்த நியாயமும் இல்லை. தந்தத்துக்காக எனலாமென்றால், ஈழத்து யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமும் இல்லை. அவர் 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டதைத் தெய்வ தண்டனை என்பார் என்னட்டும். எண்ணிக்கை கூடக்கூடப் புகழும் கூடியதே அவரை உந்திற்று என்பது என் துணிபு.