மணியோசையும் மறுமொழியும்

கோலார் தங்கவயல் என்றதும், அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ் மக்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குத் தொடங்கிய சுரங்கத் தொழில் 2001ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்குள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றிருந்தது. சுரங்கக் கிணற்றில் இறங்கிய கூண்டை என்ஜின் இயக்குபவர் கண்ணால் காண இயலாது. மணியின் குறிப்பைக் கேட்டே அவர் அதனை ஏற்றுவார், இறக்குவார், நிறுத்துவார். மணியடித்தவர் என்ஜின் அறைக்குள் வருவதில்லை. அவருடைய செய்தி மட்டுமே வருகிறது.

நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆழத்தில் பாறை வெடிக்கும் ஓசை கேட்டவுடன் தொழிலாளியின் நெஞ்சு படபடக்கும். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கும்; கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடும். ஆயினும் அட்ரினலின் கல்லீரலின் உயிரணுவுக்குள் நுழைந்து வேலை செய்வதில்லை. வெளியே நிற்கும் ஹார்மோனின் ஆணை உள்ளே எவ்வாறு நிறைவேறுகிறது?

அமெரிக்க அறிஞர் சதர்லாண்டு, 1950களின் பிற்பகுதியில் இதற்கு முதல் விடை கண்டார். உயிரணுவின் மேலுறையோடு அட்ரினலின் கூடும்போது உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறுபொருள் உண்டாகிறது. அதுவே ஆணையை எடுத்துச் செல்கிறது என்று காட்டினார். அதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால், வெளியே ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கும், உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஆக்கும் நொதிக்கும் இடையே யார் தூது செல்கிறார் என்பது தெரியவில்லை.

இவ்விரண்டும் வேலை செய்ய குவனோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளும் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டளவில் ராட்பெல் கண்டார். ஏற்கும் புரதமும் நொதியும் இருந்தும் மறுமொழி தராத உயிரணுக்களைக் கொண்டு, இடையில் ஒரு தூதர் குறைவதைக் கில்மன் உணர்ந்தார். 1980இல் அவர் குழுவினர் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே ஜி புரதம். இவ்விருவருக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஜி புரதம் தான் பற்றியிருந்த டைபாஸ்பேட்டை விட்டு டிரைபாஸ்பேட்டைப் பற்றும், நொதியைத் தூண்டும். சிறிது நேரத்தில், பற்றிய பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே அறுத்துவிட்டு ஓய்வுறும். ஆகவே நிறுத்தும் குறிப்பும் அதனிடமே உள்ளது.

அந்தக் குறிப்பு தவறினால் என்னவாகும்? அதற்குச் சான்று காலரா. 1884இல் ராபர்ட் காக், இந்நோய்க்கு நஞ்சொன்று காரணமாகலாம் என்று ஊகித்தார். கல்கத்தாவின் சம்புநாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீரைப் பெருகச் செய்வதைக் காட்டி, 1959இல் அந்நஞ்சை மெய்ப்பித்தார். அது ஜி புரதத்தின் அறுக்கும் திறனைக் கெடுக்கிறது என்பது பின்னர் விளங்கியது. நிறுத்தும் மணி ஒலிக்கவில்லை, சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது, உப்பும் நீரும் குடலில் கொட்டுகின்றன, சில மணி நேரத்தில் உடல் வற்றுகிறது.

ஆனால் அந்நஞ்சு, சர்க்கரையோடு உப்பை உட்கொள்ளும் குடலின் வழியை அடைப்பதில்லை. 1971இல் வங்க அகதிகள் பாங்கானில் காலராவுக்கு இரையானபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதன் பின் அங்கே நோயுற்றோரில் இறந்தவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

சம்புநாத் டே 1985இல் மறைந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1978இல் காலராவைப் பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். நம் நாட்டார் ஒருவர் கண்ட உண்மை உலகின் பல்லாயிரம் வீடுகளைக் காத்ததை நாம் மறவாதிருப்போம்.