கடல் கடந்த வனவாசம்

மனிதன் தன் மதிப்பைத் தானே அளந்துகொள்வது அரிது. ஊரும் உறவுமே அதனை அவனுக்கு அளந்து கொடுக்கின்றன. இன்னாருடைய மகன், இன்ன ஊரான், இன்ன குலத்தான் என்று பிறர் சொல்லக் கேட்டே அவன் தன்னை அறிகிறான். அந்த ஊரும் உறவும் ஒருநாள் அற்றுப்போனால் அவன் யார்? நம் இதிகாசங்கள் இரண்டினுள்ளும் இவ்வினா ஓயாமல் எழுகின்றது. அத்தினாபுரத்து அரங்கில் வில்வித்தை காட்டி நின்ற கர்ணனை நோக்கி, தாய்தந்தையர் யார், குலம் யாது என்று கிருபாசாரியர் கேட்டார். கர்ணன் தலை கவிழ்ந்தான். அந்த அவையில் அளக்கப்பட்டது அவன் திறமன்று, பிறப்பே.

இதே வினாக்களை 19-ஆம் நூற்றாண்டில் ஓர் அச்சுத்தாள் பல இலட்சம் ஏழை மக்களிடம் கேட்டது. கல்கத்தாத் துறைமுகத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கு அளிக்கப்பட்ட குடியேற்றச் சீட்டு அது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எண் இடப்பட்டது. கரையில் இறங்கிய பின்னர் அவர்களுள் பலருக்கு அந்த எண்ணே பெயராயிற்று. தம்மை எண்ணாக்கிய வாழ்வில் அம்மக்கள் தம்மை மனிதராக உணர்ந்தது எங்ஙனம்? அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் இரண்டு பழங்கதைகளும் அடங்கும் என்பது வரலாறு காட்டும் உண்மை.

கிர்மிட்டும் நரகமும்

பிரித்தானியப் பேரரசின் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதை அடுத்து, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834-இல் மொரீசியசுக்கும், 1838-இல் கயானாவுக்கும், 1845-இல் டிரினிடாடுக்கும், 1860-இல் நேட்டாலுக்கும், 1879-இல் பிஜிக்கும் இந்தியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். இம்முறையால் 1917 வரை கடல் கடந்தவர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் என மதிப்பிடுவர். நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பலான 'டுரூரோ' சென்னையிலிருந்தே புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பிஜியின் முதற்கப்பலான 'லியோனிடாஸ்' கல்கத்தாவிலிருந்து சென்றது. சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் செல்லத் தொடங்கியது 1903-இல்தான்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு உரியது. 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் வடஇந்தியத் தொழிலாளர் நாவில் 'கிர்மிட்' எனத் திரிந்தது. அதற்கு உட்பட்டவர் 'கிர்மிட்டியா' ஆயினர். பிஜியின் கூலி லயன்களில் பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள ஓர் அறையில் தனியாட்கள் மூவர் தங்கினர். அல்லது ஒரு குடும்பம் தங்கியது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பதே கப்பலேற்றுவதற்குரிய விதி. இதனால் விளைந்த பூசல்களும் கொலைகளும் பல. தற்கொலைகள் தாயகத்திலும் பன்மடங்கு மிகுந்தன. அந்த வாழ்வுக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'நரகம்' என்பதாகும்.

கப்பலில் சாதி வரம்புகள் பலவும் தளர்ந்தன. ஒரே கொப்பரையில் சமைத்ததை அனைவரும் உண்டனர். கடலைக் கடந்ததே சாதியை இழந்ததற்கு ஒப்பாகும் என்று அஞ்சிய காலம் அது. ஆயினும் இழந்த உறவுக்கு ஈடாக அங்கே ஒரு புதிய உறவு பிறந்தது. ஒரே கப்பலில் வந்தவர் 'ஜஹாஜி பாய்' எனப்பட்டனர். கப்பலுடன்பிறப்பு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். கங்கைக்கரை வேடன் குகனை இராமன் உடன்பிறந்தானாகக் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இவ்வுறவு முற்றும் புதியதன்று.

காட்டிலும் அவன் இராமனே

கல்கத்தாவிலிருந்து சென்றோரில் பெரும்பாலோர் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் கிழக்குப் பகுதியையும் பீகாரையும் சேர்ந்தவர்கள். துளசிதாசர் 1574-இல் பாடத் தொடங்கிய இராமசரிதமானசம் அவர்களுக்கு வீட்டு மொழிக்கு அண்மையான அவதீயில் அமைந்தது. வேதம் ஓதவும் வடமொழி கற்கவும் உரிமையற்றிருந்தவனும் அதனைப் பாடலாம். எழுத்தறியாதவனும் மனப்பாடம் செய்யலாம். புரோகிதர் அரியராயிருந்த தீவுகளில் இந்நூல் ஒருவகையில் கோயிலாகவே நின்றது. ஒப்பந்தம் முடிந்து தனிக்குடியிருப்புகளில் அமர்ந்தவர்கள் பிஜியின் சிற்றூர்தோறும் இராமாயண மண்டலிகளை ஏற்படுத்தினர். செவ்வாய்க்கிழமை மாலைகளில் டோலக்கும் ஆர்மோனியமும் ஒலிக்க, சுற்றியமர்ந்து பாடும் வழக்கம் அவ்வாறு நிலைபெற்றது.

பிஜி இந்தியர் வரலாற்றை ஆராய்ந்து 2021-இல் மறைந்த அறிஞர் பிரிஜ் லால், தாமே ஒரு கிர்மிட்டியாவின் பேரர். இராமகாதை இம்மக்களைக் கவர்ந்தமைக்கு அவர் காட்டும் காரணங்களுள் முதன்மையானது, அது குற்றமின்றி நாடு இழந்தவனின் கதை என்பதாகும். இராமனுக்குப் பதினான்கு ஆண்டு, இவர்களுக்கு ஐந்தாண்டு. மேலும் ஐந்தாண்டு அங்கேயே கழித்தால்தான் திரும்புவதற்கு இலவசக் கப்பற்பயணம் கிட்டும்.

இவ்வொப்புமையில் ஆறுதலோடு ஒரு படிப்பினையும் இருந்தது. முடியைத் துறந்து மரவுரி உடுத்த பின்னும் இராமன் இராமனாகவே இருக்கிறான். அவன் மதிப்பு அரியணையோடு அயோத்தியில் தங்கிவிடவில்லை. தோட்டத்துத் தொழிலாளிக்கு இதைவிட வேண்டிய செய்தி வேறில்லை. செய்யும் தொழிலும் இருக்கும் இடமும் தாழ்ந்தமையால் ஆள் தாழ்ந்தவன் ஆகான் என்பதே அது.

ஆயினும் கதைக்கு மறுபுறமும் உண்டு. தோட்டத்துச் சீர்கேடுகளுக்கெல்லாம் பெண்களே காரணம் என்று பழித்தவர்கள், சீதையை அவர்கள்முன் அளவுகோலாக நிறுத்தினர். ஆணுக்குத் துணிவு தந்த காப்பியம் பெண்ணுக்குச் சில வேளை தளையாகவும் ஆனது. இதனை மறைப்பது வரலாறு ஆகாது.

விராட நகரத்துப் பணிப்பெண்

பாண்டவரின் பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தைவிட அதன்பின் வந்த ஓராண்டு கரந்துறை வாழ்வே ஒப்பந்தக் கூலியின் நிலைக்கு நெருங்கியது. விராட நகரத்தில் தருமன் கங்கபட்டன் ஆனான். வீமன் மடைத்தொழில் செய்தான். அருச்சுனன் பிருகன்னளையாக ஆடல் பயிற்றினான். பாஞ்சாலி சைரந்திரி என்னும் பெயரில் அரசிக்குக் கூந்தல் ஒப்பனை செய்யும் பணிப்பெண் ஆனாள். பெயர் மாறிற்று, தொழில் தாழ்ந்தது. இந்நிலையில் அரசியின் தம்பி கீசகன் அவளிடம் முறைகேடாக நடக்க முற்பட்டான். வேலைக்காரிக்கு மானம் ஏது என்பது அவன் எண்ணம்.

கீசகனின் இந்த எண்ணம் பிஜியிலும் இருந்தது. கோரக்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற குந்தி என்னும் தொழிலாளப் பெண், தாழ்த்தப்பட்ட குலத்தவள். 1912-இல் ரேவாப் பகுதியில் அவளை ஏனையோரினின்று பிரித்து, தொலைவிலுள்ள வாழைத்தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பினர். அங்கே வெள்ளைக் கண்காணி அவளைப் பற்ற முயன்றான். அவள் கையை உதறிவிட்டு ஓடி, அருகிலிருந்த ஆற்றில் குதித்தாள். படகில் இருந்த ஜகதேவ் என்ற சிறுவன் அவளைக் காப்பாற்றினான். அவளது வாக்குமூலம் 1913-இல் கல்கத்தாவின் 'பாரத மித்ரா' இதழில் வெளிவந்தது. பிஜி அரசாங்கம் அதனை மறுத்தபோதிலும் இந்தியாவில் எழுந்த சீற்றம் அடங்கவில்லை. ஒப்பந்தமுறைக்கு எதிரான இயக்கத்துக்கு உரமூட்டிய நிகழ்ச்சிகளுள் இது தலையாயது. 1917-இல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. எழுத்தறியாத ஒரு பெண் தன் மானத்தைத் தானே மதித்தமையால் பேரரசும் அவளுக்கு மறுமொழி கூற நேர்ந்தது.

தீயில் நடந்தவர்கள்

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரில் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தவர். வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் தம்மோடு கொண்டு சென்றது பாரதக் கதை. தொண்டை நாட்டிலும் செஞ்சிப் பகுதியிலும் திரௌபதியம்மன் கோயில் விழா என்பது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் முடிவில் படுகளமும் தீமிதியுமாக நடப்பது. அவையில் மானபங்கம் செய்யப்பட்டவள், அவிழ்த்த கூந்தலைப் பதினெட்டாம் நாள் போர் முடிவில் முடிந்து, தீயில் நடந்து தன் தூய்மையை நிலைநாட்டுவதே அவ்விழாவின் உயிர்.

டர்பனை அடுத்த உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ஆம் ஆண்டளவில் தொழிலாளர் எழுப்பிய அம்பலவாணர் ஆலயம், 1905-இல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. 1947-இல் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. அங்கே திரௌபதியம்மனுக்குரிய தீமிதி கிறித்தவரின் பெரிய வெள்ளியன்று நடைபெறுவது வழக்கமாயிற்று. தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்த நாள் அதுவே. முதலாளியின் விடுமுறையில் தன் தெய்வத்தின் திருநாளை அவன் அமைத்துக்கொண்டான். தெருக்கூத்தும் அந்நாட்டில் 'ஆறடி நடனம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு வாழ்ந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரீயூனியன் தீவிலும் பாஞ்சாலி 'பாந்தியாலே' எனும் பெயர்கொண்டாள். தமிழ்மொழி தேய்ந்த குடும்பங்களிலும் அவளுக்காகத் தீயில் நடப்பது தேயவில்லை. மொழி மறைந்த இடத்தில் விழாவே மக்களை ஒன்றாகப் பிணைத்தது.

1894-இல் டர்பனில் காந்தியடிகளின் முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியை ஈண்டு நினைத்தல் தகும். வெள்ளை முதலாளி அடித்ததால் முன்பற்கள் உடைந்து குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவர் நின்றார். ஒப்பந்தக் கூலி வெள்ளையரைக் காணும்போது தலைப்பாகையைக் கழற்ற வேண்டுமென்பது நடைமுறை. அதனை மீண்டும் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் பணித்தார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிக்கிறார். அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி முடிப்பதை ஆண்டுதோறும் கூத்தில் கண்ட மக்களுக்கு, கழற்றிய தலைப்பாகையைத் திரும்பக் கட்டுவதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

திரும்பியவர் கண்ட அயோத்தி

இராமன் அயோத்திக்குத் திரும்பினான். ஊர் விளக்கேற்றி வரவேற்றது. தொழிலாளருக்கு அவ்வாறு நிகழவில்லை. பிஜிக்குச் சென்றோரில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் தாயகம் மீண்டனர். அவர்களுள் பலரை ஊர் ஏற்கவில்லை. கடல் கடந்தவர், சாதி கெட்டவர், பிற சாதியில் மணந்தவர் என்று விலக்கியது. சேமித்த பொருளும் கரைந்தபின் கல்கத்தாவின் மட்டியாபுருசுப் பகுதியில் வந்து குவிந்து, மீண்டும் தீவுகளுக்கே செல்ல வழி தேடினர். பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் வெளியிட்ட அறிக்கை அவர்களது அவலத்தை எடுத்துரைத்தது. மறுபுறம் நேட்டால் அரசு, ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க விரும்பியவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. 1913-இல் பல்லாயிரம் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்து போராடிய பின்னரே, 1914-இல் அவ்வரி நீங்கியது. பிறந்த ஊர் ஏற்கவில்லை. உழைத்த ஊர் இருக்க விடவில்லை. இந்நிலையில் தம் மதிப்பையும் உரிமையையும் அவர்கள் எவரிடமும் இரந்து பெற இயலாதவர் ஆயினர். தாமே ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. 1926-இல் பிஜித் தமிழரும் ஏனைய தென்னிந்தியரும் சாது குப்புசாமி தலைமையில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவிப் பள்ளிகளைத் திறந்தமை அவ்வாக்கத்தின் ஒரு விளைவே.

வனத்தில் பிறந்த மைந்தர்

இராமகாதை அயோத்தியில் முடிந்துவிடவில்லை. வால்மீகியின் உத்தரகாண்டத்தில் மற்றொரு வனவாசம் வருகிறது, அது சீதையுடையது. அதற்கு மீட்சி இல்லை. அவ்வனத்தில் பிறந்த இலவனும் குசனும் அரண்மனையைக் கண்டறியாதவர்கள். அவர்கள் பெற்றது வால்மீகி கற்பித்த பாட்டு ஒன்றே. வேள்விச்சாலையில் அதனை இனிதாகப் பாடியபோதுதான் இராமன் அவர்களைத் தன் மைந்தர் என்று அறிந்தான்.

கரும்புத் தோட்டங்களில் பிறந்த தலைமுறைகளுக்கு இராமனைவிட இலவகுசர்களே நெருங்கிய உறவினர் எனலாம். கரீபியத் தீவுக் கவிஞர் டெரிக் வால்காட் 1992-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை, டிரினிடாடின் ஃபெலிசிட்டி என்னும் சிற்றூரில் கரும்பு வயலருகே நடந்த இராமலீலையிலிருந்து தொடங்கினார். அதனைச் சிதைந்த பண்பாட்டின் எச்சம் என்று கருதிச் சென்றவர், அங்கே கண்டது இழப்பையன்று, ஈடுபாட்டை என்று உணர்ந்து தம்மைத் திருத்திக்கொண்டார். வில்லேந்தி நின்ற அச்சிறுவர்கள் கங்கையைக் கண்டதில்லை. எனினும் கதை அவர்களுடையதாயிற்று. கதை நிகழ்ந்த அந்த வயல்வெளியும் அவர்களுடையதாயிற்று.

கர்ணனை நோக்கிக் கிருபர் கேட்ட வினாவுக்குக் குடியேற்றச் சீட்டில் எழுதப்பட்ட விடை தந்தை பெயரும் சாதியும் ஊரும் ஆகும். அவற்றுள் ஊரும் உறவும் கடலில் கழிந்தன. அம்மக்கள் ஒன்றுகூடிப் பாடியும் ஆடியும் தீயில் நடந்தும் எழுதிய விடை வேறு. அதுவே அவர்தம் பேரப்பிள்ளைகள்வரை நிலைத்து நிற்கிறது.