பதிவேட்டில் பாட்டன் பேரு

கர்ணம் கணக்கில் எங்கள் பாட்டன் பேரு கிடையாது. நிலம் இருந்தால்தானே அடங்கலில் பேர் ஏறும்? மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வாரினவனுக்கு அன்னன்னைக்குக் கூலி. கூலிக்குப் பேர் எதுக்கு, தலையை எண்ணினால் போதும். பெரிய முதலியார்சாவடிச் சேரியில் நாலு தலைமுறைக்கு முந்தின ஆளைத் தேடிப் போனால் கச்சேரிக் காகிதம் எல்லாம் கைவிரிக்கும். கைவிரிக்காத ஒரே தாள், எங்களில் சிலருக்கு, மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு.

இது நம்மேல் இரக்கப்பட்டு எழுதி வைத்ததல்ல. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் போட்ட சட்டம் அது: கலியாணத்தைப் பங்குச் சாமியார் பதிய வேண்டும், ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரையும் குறிக்க வேண்டும். ஞான உறவும் கலியாணத்துக்குத் தடை என்பதால் யார் யாருக்கு என்ன முறை என்று கணக்கு தேவைப்பட்டது. அந்தக் கணக்கின் புண்ணியத்தில்தான் சேரிப் பெண்ணின் பேரும் தாளில் ஏறியது.

முதல் தடவை அந்தத் தாளைப் பார்ப்பவர் ஏமாந்து போவார். நம்ம ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டார். பெத்ருஸ், பவுலுஸ், யோவான்னெஸ், அலோய்சியுஸ், லாசருஸ் என்று ரோமாபுரிக் கூட்டம்தான் நிற்கும். இவர்கள்தான் நம்ம ராயப்பன், சின்னப்பன், அருளப்பன், ஞானப்பிரகாசம், தேவசகாயம். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவன், அதனால் சின்னப்பன். தமிழ் எம்.ஏ. படித்த நான் 'யாகோபுஸ்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். தேதி சூலை 27. அத்தையிடம் சொன்னதும், "சந்தியாகு தாத்தாடா அது. ஆடியில சந்தியாகப்பர் திருநா முடிஞ்ச ரெண்டாம் நாளு தண்ணி ஊத்துனாங்களாம், அதான் அந்தப் பேரு" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

பிரெஞ்சுச் சாமியார் எழுதியதென்றால் இன்னொரு சிக்கல். இங்கிலீஷில் 'யு' போடும் இடத்தில் அவர் 'ஓ'வும் 'யு'வும் சேர்த்துப் போடுவார். முத்து வேறு ஆளாகிவிடுவான். தகப்பன் பேர் மட்டும் முனியன் என்று இருந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதுதான் வேதத்துக்கு வந்த தலைமுறை. புனிதர் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று பாப்பரசரின் தூதர் துர்னோன் 1704இல் புதுச்சேரியில் இருந்துகொண்டே ஆணை போட்டிருந்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு ஆண்ட புதுச்சேரியில், நூல் வேறு இடத்தில் அறும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்கள் புதுக் குடும்பப் பேர் எடுத்துக்கொண்டார்கள். முன்னின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். அவர் வெள்ளாளர். அவர் திறந்த வழியில் நம்ம சனமும் நிறையப் போனது. அந்தத் துறவுப் பத்திரத்தைப் பிடிக்காமல் பாட்டனையும் பேரனையும் முடிச்சுப் போட முடியாது.

பேருக்குப் பக்கத்தில் சில ஏடுகளில் இன்னொரு சொல்லும் உண்டு: 'பரியா'. தண்ணீர் ஊற்றியும் கரையாத சொல். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் நம்மவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் அதை இடித்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே சொல்கிறது. சுவர் போயிற்று, சொல் ஏட்டில் இருந்தது.

சர்க்காருக்கு மட்டும் அந்தச் சொல் கண்ணில் படாது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவனாகிவிட்டால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. 2024 நவம்பர் 26இல் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் சாதிச் சான்றிதழை மறுத்தது. அவர் கைக்குழந்தையாய் இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் அதற்கு ஆதாரம். 'பரியா' என்று எழுதிய அதே வகை ஏடு, நீ அது இல்லை என்று சாட்சி சொல்ல வருகிறது.

அத்தையின் பேத்திக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். தாத்தா பேர் உள்ள பக்கத்தை நகல் எடுக்கட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "எழுதிக்கினியே, அது போதும். காகிதம் வாணாம்டா" என்றாள்.